கடலுக்குப் போயிருக்கிறார்

உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். "ஸார் இருக்கிறாரா?" என்று கேட்கிறார். "இல்லையே, டில்லிக்குப் போயிருக்கிறார்" என்கிறீர்கள். வந்தவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

இன்னொரு நாள். ஒரு கல்யாண வீடு. "உன் அகமுடையான் டில்லியெல்லாம் பார்த்தவரோ?" என்று தூரத்து உறவில் ஒரு பெரியம்மா விசாரிக்கிறாள். "ஓ! நாலைந்து தடவை டில்லிக்குப் போயிருக்கிறாரே!" என்கிறீர்கள். அப்போது அந்த மனிதர் எங்கே இருக்கிறார்? உங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

இரண்டு இடத்திலும் நீங்கள் சொன்னது ஒரே வார்த்தைதான். முதல் "போயிருக்கிறா"ரில் ஆள் ஊரில் இல்லை. இரண்டாவது "போயிருக்கிறா"ரில் ஆள் கண்ணெதிரே இருக்கிறார். நமக்கு இதில் குழப்பமே கிடையாது. கேட்கிற இடத்தையும் கேட்கிற ஆளையும் பார்த்துப் புரிந்துகொண்டு விடுகிறோம்.

இங்கிலீஷ்காரருக்கு இந்தத் தாராளம் கிடையாது. போனவர் இன்னும் திரும்பவில்லை என்றால் "ஹி ஹாஸ் கான் டு டெல்லி." போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டார் என்றால் "ஹி ஹாஸ் பீன் டு டெல்லி." போனவர் அங்கேயே தங்கி இருந்து வருகிறார் என்றால் "ஹி ஹாஸ் பீன் இன் டெல்லி." ஒரு சின்ன 'டு', ஒரு சின்ன 'இன்', ஒரு 'கான்', ஒரு 'பீன்' - இவற்றை இடம் மாற்றிப் போட்டால் மனிதரே இடம் மாறிவிடுகிறார்!

"ஐயையோ, இலக்கணமா!" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். தொடர்கதை எங்கும் ஓடிவிடாது. கதாநாயகி அடுத்த வாரம் வரையில் அழுதுகொண்டேதான் இருக்கப் போகிறாள். நான் சொல்ல வந்தது பள்ளிக்கூடத்துச் சமாசாரம் அல்ல. ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைப்பதும் கிடைக்காததும் இந்தச் சின்ன வார்த்தைகளில் வந்து மாட்டிக்கொண்டதைப் பார்த்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

* * *

சாந்தோம் மாதா கோயிலிலிருந்து கலங்கரை விளக்கத்தைப் பார்த்து, கடலோரமாக லூப் ரோட்டில் நடந்தால் நொச்சிக்குப்பம் வந்துவிடும். மயிலாப்பூர் சமையலறைகளில் மீன் வாசனை அடிக்கிற வீடுகளுக்கெல்லாம் இந்தக் குப்பத்தோடு சம்பந்தம் உண்டு. அதிகாலையில் ஃபைபர் படகுகள் கரை ஏறும். வலையை உதறும்போதே வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் பேரம் ஆரம்பித்துவிடும். நெத்திலிக்கு மட்டும் பேரம் கிடையாது; கூறுக்கு இவ்வளவு என்றால் இவ்வளவுதான்.

இந்த ரோட்டோர மீன் வியாபாரத்துக்கு ஒரு பெரிய வழக்கே நடந்தது. 2023-ஆம் வருஷம் ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற விஷயம் ஹைக்கோர்ட்டுக்குப் போய், கடைகளை அகற்ற வந்தார்கள். மீனவப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து விட்டார்கள். "ரோடு வருவதற்கு முன்னாலிருந்தே நாங்கள் இங்கே விற்றுக்கொண்டிருக்கிறோம், நாங்கள் ரோட்டுக்கு வரவில்லை, ரோடுதான் எங்களிடம் வந்தது" என்பது அவர்கள் கட்சி. பிறகு 2024 ஆகஸ்டில் அங்கேயே புது மீன் அங்காடி திறந்தார்கள். அதைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் நான் அங்கே போயிருந்தேன்.

மீன் விற்கும் ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "வீட்டுக்காரர் எங்கே அக்கா?" என்று கேட்டேன்.

"கடலுக்குப் போயிகீறாரும்மா" என்றாள்.

சென்னைப் பேச்சில் 'இருக்கிறார்' என்பது சுருங்கிச் சுருங்கி 'கீறார்' என்று ஆகிவிட்டது. ஆனாலும் இலக்கணம் தேயவில்லை, பாருங்கள். 'போனாரு' என்று அவள் சொல்லவில்லை. 'போனாரு' என்றால் போன காரியம் முடிந்த கதை. 'போயிகீறாரு' என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. ஒரு கண் மீனிலும் ஒரு கண் கடலிலுமாக அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். போனது நேற்றைய காரியம்; அதன் பாரம் இன்றைய நெஞ்சில். இங்கிலீஷ் இலக்கணத்தில் 'ப்ரஸண்ட் பர்ஃபெக்ட்' என்று பயமுறுத்துகிறார்களே, அது இவ்வளவுதான்.

"உங்களுக்கு இங்கிலீஷ் வருமா கண்ணு? எம் பொண்ணு ஒரு மனு எழுதி வெச்சிகீது. கொஞ்சம் பாரேன்" என்றாள் அக்கா.

* * *

மகளுக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். காலேஜில் முதல் வருஷம். அவள் கொண்டுவந்த காகிதத்தில் இருந்த விஷயம் இதுதான். குப்பத்தில் பழைய அடுக்கு வீடுகளை இடித்துவிட்டுப் புது அடுக்கு வீடுகள் கட்டினார்கள் அல்லவா? பாட்டி பேருக்கு ஒரு வீடு கிடைத்தது. பாட்டிக்குப் பிள்ளைகள் மூன்று பேர். மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. ஒரு வீட்டுக்குள் நாலு குடும்பம். ஆகவே, தங்களுக்கும் ஒரு வீடு, அதுவும் இந்தக் கடற்கரையிலேயே வேண்டும் என்று மனு.

'அதுவும் இங்கேயே' என்பதுதான் முக்கியம். இந்த நகரத்தின் கரையோரங்களிலிருந்தும் ஆற்றோரங்களிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் போய்க் குடியேற நேர்ந்திருக்கிறது. ஆபீஸ் குமாஸ்தாவானால் பஸ் பிடித்து வேலைக்கு வந்துவிடலாம். விடியற்காலை மூன்று மணிக்குக் காற்றைப் பார்த்துப் படகு தள்ளுகிறவன் எந்த பஸ்ஸில் வருவான்?

மனுவைத் தமிழில்தான் முதலில் எழுதியிருந்தார்கள். மேலே இருக்கும் அதிகாரி வெளி மாநிலத்துக்காரர், இங்கிலீஷில் கொடுத்தால் சீக்கிரம் நகரும் என்று யாரோ சொன்னார்களாம். மகள் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். "வி ஆர் லிவிங் ஹியர் ஸின்ஸ் ஃபிஃப்டி இயர்ஸ்" என்று எழுதினாள். டைப் அடிக்கும் கடைக்காரர் படித்தவர் போலிருக்கிறது. "இது தப்பு, பாப்பா" என்று சொல்லி, "வி லிவ்ட் ஹியர் ஃபார் ஃபிஃப்டி இயர்ஸ்" என்று திருத்திக் கொடுத்தார்.

இலக்கணப்படி அவர் திருத்தியதில் ஒரு குற்றமும் கிடையாது. நல்ல சுத்தமான வாக்கியம். ஆனால் அதன் அர்த்தம் என்ன? "ஐம்பது வருஷம் இங்கே வாழ்ந்தோம்." வாழ்ந்தோம், கதை முடிந்தது, இப்போது இல்லை!

மனு போன ஆபீஸில் ஒருவர் அதைச் சரியாகவே படித்தார். "வாழ்ந்தோம்னு எழுதியிருக்கீங்களே, இப்போ எங்கே இருக்கீங்க? இப்போ இங்கேதான் இருக்கீங்கன்னு அத்தாட்சி வேணுமே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இங்கேதான் சார் கீறோம்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். வாய் சொல்லுவதைக் காகிதம் சொல்லவேண்டுமே!

* * *

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். மகள் எழுதியது எப்படித் தப்பாயிற்று? தமிழில் "ஐம்பது வருஷமாக இருக்கிறோம்" என்கிறோம். 'இருக்கிறோம்' நிகழ்காலம். அதையே அப்படியே இங்கிலீஷில் வைத்தாள். இந்தத் தப்புக்காக நாம் வெட்கப்படவே வேண்டாம். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ஹிந்திக்காரரும் அவரவர் பாஷையில் நம்மைப் போலவே நிகழ்காலத்தில்தான் சொல்லுகிறார்கள். 'பத்து வருஷமாக இங்கே வசிக்கிறேன்' என்பதுதான் உலகத்தில் பல பேருக்கு இயற்கை. முன்பு தொடங்கி இன்றுவரை நீளுகிற காரியத்துக்கு 'ஹாவ்' என்று ஒரு தனி ஏற்பாடு கேட்பதில் இங்கிலீஷ்தான் பிடிவாதக்காரி.

அடுத்தது 'ஸின்ஸ்'. இதில்தான் ஒரு வேடிக்கை. ஜெர்மன் பாஷையில் 'ஸைட்' என்று ஒரு வார்த்தை, பிரெஞ்சில் 'தெப்யூயி' என்று ஒரு வார்த்தை, ஹிந்தியில் 'ஸே' என்று ஒரு வார்த்தை. 'பத்து வருஷமாக' என்பதற்கும் அதே. '1970-லிருந்து' என்பதற்கும் அதே. ஆகவே அவர்கள் இங்கிலீஷ் பேசும்போது 'ஸின்ஸை'யும் 'ஃபாரை'யும் குழப்பிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் தமிழ் இவற்றைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது! கால அளவுக்கு 'ஆக': ஐம்பது வருஷமாக, மூன்று தலைமுறையாக, இரண்டு நாளாக. தொடங்கிய இடத்துக்கு 'இருந்து' அல்லது 'முதல்': 1970-லிருந்து, சுனாமியிலிருந்து, போன பொங்கல் முதல். 'ஆக' வந்தால் 'ஃபார்'. 'இருந்து', 'முதல்' வந்தால் 'ஸின்ஸ்'. தமிழ் தெரிந்தவளுக்கு இந்த இடத்தில் தடுமாறவே காரணம் இல்லை. பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு வரியை யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் போதும்.

மீன்பிடித் தடைக்காலம் ஒரு நல்ல உதாரணம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று அரசாங்கம் தடை போடுகிறது. மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற காலம். அந்த நாட்களில் விசைப்படகுத் தொழிலாளி ஒருவர் ஜூன் முதல் தேதி உங்களிடம் பேசினால், "ஏப்ரல் 15 முதல் சும்மா இருக்கிறேன்" என்பதற்கு 'ஸின்ஸ்'. "ஒன்றரை மாசமாகச் சும்மா இருக்கிறேன்" என்பதற்கு 'ஃபார்'. அடுப்பு எரியாத கஷ்டம் என்னமோ இரண்டிலும் ஒன்றுதான்!

மூன்றாவதாக, வினைச்சொல். அந்தப் பெண்ணிடம் முதலில் எழுதிய தமிழ் மனுவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதிலே என்ன எழுதியிருந்தது தெரியுமா? "நாங்கள் இக்குப்பத்தில் சுமார் ஐம்பது வருடங்களாக வாழ்ந்து வருகிறோம்."

வாழ்ந்து வருகிறோம்! நம் ஊர் மனுக்களில் எல்லாம் தவறாமல் வருகிற சொல். வாழ்ந்தது பின்னாலிருந்து, வருவது இன்றைக்கு. அந்தச் சின்ன 'வருகிறோம்' பழைய நாளிலிருந்து இன்றைய நாள்வரை நடந்தே வந்து சேருகிறது. இங்கிலீஷில் 'ஹாவ் பீன் லிவிங்' என்பது இதுவே அல்லவா? "குடியிருந்து வருகிறோம்", "மீன் விற்று வருகிறோம்", "வாடகை செலுத்தி வருகிறோம்" - மனுத்தமிழில் எங்கெங்கே 'வருகிறோம்' வருகிறதோ, அங்கங்கே 'ஹாவ் பீன்' வரும். "வி ஹாவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் ஃபிஃப்டி இயர்ஸ்" என்று எழுதிக் காட்டினேன்.

அந்தப் பெண் ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ இதுல நாங்க இன்னும் இங்கேதான் இருக்கோம்னு அர்த்தம் வருதா அக்கா?" என்று கேட்டாள்.

"வருகிறது" என்றேன்.

* * *

'ஃபார்' என்கிற வார்த்தையை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது இரட்டை வேஷம் போடும். "ஹி ஹாஸ் கான் ஃபார் டூ டேய்ஸ்" என்றால் என்ன? "இரண்டு நாளைக்குப் போயிருக்கிறார்." இரண்டு நாளில் வந்துவிடுவார், கவலை இல்லை. "ஹி ஹாஸ் பீன் கான் ஃபார் டூ டேய்ஸ்" என்றால்? "போய் இரண்டு நாளாகிறது." ஆளைக் காணோம்!

இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே 'ஃபார்'. நடுவில் ஒரு 'பீன்' இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் பயப்படலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும். தமிழில் 'நாளைக்கு' என்பது வேறு, 'நாளாக' என்பது வேறு. நொச்சிக்குப்பத்தில் ஒருத்தி "இரண்டு நாளைக்குப் போயிகீறாரு" என்றால் பக்கத்து வீட்டுக்காரி மேலே சோறு வடிக்கப் போவாள். "இரண்டு நாளாப் போயிகீறாரு" என்றால் அந்தக் குப்பமே கரையில் வந்து நிற்கும்.

'பை' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. 'அதற்குள்' என்று நாம் சொல்வது. அது பெரும்பாலும் 'ஹாட்' என்பதோடு கைகோத்துக்கொண்டு வரும். "அலை வருவதற்குள் அவர்கள் கரைக்கு வந்துவிட்டிருந்தார்கள்" - 'பை தி டைம் தி வேவ் கேம், தே ஹாட் கம் பாக்.' சாதாரண நாளில் இது நிம்மதியான வாக்கியம். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அது தலைகீழாகிவிட்டது. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்து, சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலை சென்னைக் கரைக்கு வந்துவிட்டது. சுனாமி அலை ஆழ்கடலில் உயரமாக எழும்புவதில்லை. படகின் அடியில் தெரியாமலே கடந்துவிடும். கரையை நெருங்கும்போதுதான் சுவராக எழும்பும். ஆகவே அன்றைக்கு, அதற்குள் ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தவர்களைவிட, அதற்குள் கரைக்கு வந்துவிட்டிருந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். 'ஹாட் கான்', 'ஹாட் கம் பாக்' - எழுத்துக்கு எழுத்து அதே இலக்கணம். அந்த ஒரு காலையில் நிம்மதியும் பயமும் இடம் மாறிக்கொண்டன.

* * *

இன்னொரு சங்கதி. "ஐ ஹாவ் ஸீன் ஹிம் எஸ்டர்டே" என்று சொல்லாதே என்று டீச்சர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஏன்? 'ஹாவ்' என்பது நிகழ்காலத்துச் சொல். இன்றைய வாசலில் நின்றுகொண்டு நேற்றைப் பார்ப்பது. 'எஸ்டர்டே' என்றதும் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. காலை எட்டு மணிக்கு மீன் வாங்கிக்கொண்டு வருகிறவள் "ஐ ஹாவ் பாட் வஞ்சிரம் திஸ் மார்னிங்" என்று சொல்லலாம். காலை இன்னும் முடியவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு அதையே சொல்வதானால் "ஐ பாட்" என்றுதான் சொல்ல வேண்டும். மீனும் அதற்குள் குழம்பாகிவிட்டது!

ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இதே மாதிரி 'ஹாவ்' போட்டு 'நேற்று'டன் தாராளமாகச் சேர்க்கிறார்கள். இங்கிலீஷ் மட்டும் ஏன் முகத்தைச் சுளிக்கிறது என்பது மொழியியல் பண்டிதர்களுக்கே புதிர்தான். வுல்ஃப்காங் க்ளைன் என்ற ஜெர்மன் அறிஞர் 1992-ல் எழுதிய ஒரு கட்டுரைக்கு 'ப்ரஸண்ட் பர்ஃபெக்ட் புதிர்' என்றே தலைப்பு வைத்தார். அந்தப் புதிரிலும் ஒரு சந்து இருக்கிறது. 'மஸ்ட்' என்று ஒரு வார்த்தையை முன்னால் போட்டுவிட்டால் 'நேற்று' தாராளமாக உள்ளே வரலாம். 'ஹி மஸ்ட் ஹாவ் கம் எஸ்டர்டே' - நேற்று வந்திருக்க வேண்டும். காலையில் எழுந்து வாசல் ஈரத்தைப் பார்த்து, "ராத்திரி மழை பெய்திருக்கிறதே!" என்கிறோமே, அந்த ஊகத்துக்கு இங்கிலீஷ் கொடுக்கிற வழி இது. நம் 'இருக்கிறது' ஒன்றே காரியத்தையும் சொல்லி, கண்ணால் பார்க்காமல் தடயத்தைப் பார்த்துச் சொல்வதையும் ஒப்புக்கொண்டு விடுகிறது. அது வேறு சாமர்த்தியம்.

புத்தகத்தில் இருக்கிற விதி எல்லாம் நாக்கில் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிரௌன் சர்வகலாசாலையில், 1961-ல் அச்சான எழுத்துக்களிலிருந்து பத்து லட்சம் வார்த்தைகளைத் திரட்டி வைத்தார்கள். அதே முறையில் நம் நாட்டில் கோலாப்பூர் சிவாஜி சர்வகலாசாலையில், 1978-ல் இந்தியாவில் அச்சான இங்கிலீஷிலிருந்து பத்து லட்சம் வார்த்தைகளைத் திரட்டினார்கள். பிறகு பேச்சையும் சேர்த்துத் திரட்டினார்கள். இந்தியர் இங்கிலீஷில் 'ஹாவ்' அங்கங்கே 'நேற்று'டன் சேருவது உண்மைதான் என்று தெரிந்தது. அதே சமயம், இங்கிலீஷே தாய்மொழியான ஆஸ்திரேலியர்களும் நடந்த கதையைச் சுவாரஸ்யமாகச் சொல்லும்போது அப்படிப் பேசுவதை அறிஞர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே அடுத்த முறை யாராவது உங்களைப் பார்த்துச் சிரித்தால், "ஆஸ்திரேலியாவில் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லிவிடலாம். பரீட்சையில் மட்டும் அப்படி எழுதிவிடாதீர்கள்!

தாய்மொழிக்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. உங்கள் பிள்ளை அமெரிக்காவிலும் பெண் லண்டனிலும் இருந்தால் கவனித்துப் பாருங்கள். "நெத்திலி வறுவல் சாப்பிட்டு வருஷக்கணக்காயிற்று" என்று பேரன்கள் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பேரன் 'இன் இயர்ஸ்' என்பான். லண்டன் பேரன் பெரும்பாலும் 'ஃபார் இயர்ஸ்' என்பான். ஏக்கம் ஒன்றுதான், இடைச்சொல் வேறு. இந்த 'இன் இயர்ஸ்' சாப்பிடவில்லை, பார்க்கவில்லை என்று 'இல்லை' சொல்லும்போதுதான் வரும். சாப்பிட்டேன் என்பதோடு வராது. பற்றாக்குறைக்கு என்றே ஏற்பட்ட சொல் போலும்!

* * *

மனுவுக்கு வருகிறேன். அந்தப் பெண் இரண்டாவது பாராவைக் காட்டினாள். அது அவளுடைய தாத்தாவைப் பற்றியது. அதிலும் டைப் கடைக்காரர் "லிவ்ட் ஹியர் ஃபார் ஸிக்ஸ்டி இயர்ஸ்" என்றே போட்டிருந்தார். முதல் பாராவில் புரிந்துகொண்ட உற்சாகத்தில் அவளே பேனாவை எடுத்து, 'ஹாஸ் பீன் லிவிங்' என்று திருத்தப் போனாள்.

"தாத்தா இப்போது...?" என்று கேட்டேன்.

"செத்துப் போயிட்டாரு. நான் அஞ்சாவது படிக்கிறப்போ."

"அப்படியானால் அதை மாற்றாதே. தாத்தாவுக்கு 'லிவ்ட்'தான் சரி" என்றேன்.

இந்த 'ஹாவ்' ஒரு விசித்திரமான வார்த்தை. யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவர் உயிரோடு இருப்பதையும் அது எதிர்பார்க்கிறது. 'ஐன்ஸ்டைன் ஹாஸ் விஸிட்டட் ப்ரின்ஸ்டன்' என்று இன்றைக்குச் சொன்னால் இங்கிலீஷ்காரர் காதுக்கு உறுத்தும், அவர்தான் 1955-லேயே காலமாகிவிட்டாரே என்று மொழி அறிஞர்கள் ஓர் உதாரணம் சொல்வார்கள். ஊரை முன்னால் வைத்து, ஐன்ஸ்டைன் முதலான பெரியவர்கள் வந்திருக்கிற ஊர் இது என்று சொன்னால் 'ஹாஸ்' போடலாம். ஊர் இன்னும் இருக்கிறது. நாம் இப்படியெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை. "எங்க தாத்தா பர்மாவுக்குப் போயிருக்கிறார்" என்று, அவர் போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம் ஆன பிறகும் சொல்கிறோம். தமிழில் தாத்தாக்கள் அவ்வளவு சுலபமாக இறந்த காலத்துக்குப் போய்விடுவதில்லை.

ஆக, ஒரே காகிதத்தில் ஒரே 'லிவ்ட் ஹியர் ஃபார்'. குடும்பத்துக்கு அது தவறு, தாத்தாவுக்கு அது சரி. அறுபது வருஷம் அவர் வாழ்ந்தார். ஐம்பது வருஷமாக இவர்கள் வாழ்ந்து வருகிறார்கள். 'ஃபார்' இரண்டு வரியிலும் அப்படியே நிற்கிறது, வருஷத்தைப் பிடித்துக்கொண்டு. இருக்கிறவர் யார், இல்லாதவர் யார் என்று சொல்வது 'ஹாவ்' ஒன்றுதான்.

அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டாள். தாத்தாவின் வரியை ஒரு தரம் விரலால் தடவினாள். பிறகு, "அம்மா, தாத்தாவுக்கு வேற மாதிரி எழுதணுமாம்" என்று அம்மாவிடம் சொன்னாள். அக்கா சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே, "ஆமா, அவருக்கு வேறதான்" என்றாள்.

மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திருத்தி, மறுபடி டைப் அடித்து, கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதுகிறபோது பதில் வரவில்லை. ஒரு வார்த்தையைச் சரியாக எழுதினதற்காக யாரும் வீட்டுச் சாவியை எடுத்துக் கையில் கொடுத்துவிடமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு இனி அந்தக் காகிதமே பதில் சொல்லிக்கொள்ளும்.

சகோதரிகளே! ரேஷன் கார்டுக்கோ, பாங்கிக்கோ, பிள்ளையின் காலேஜுக்கோ இங்கிலீஷில் ஏதாவது எழுதும்படி நேர்ந்தால், முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். 'ஆக'வா, 'இருந்து'வா? 'வாழ்ந்தோ'மா, 'வாழ்ந்து வருகிறோ'மா? 'இரண்டு நாளைக்கா', 'இரண்டு நாளாகவா'? தமிழ் நமக்கு ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்துப் போட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

கடைசியாக ஒரு பெருமை. 'ஹாஸ் பீன் டு' என்று இங்கிலீஷ்காரர், போவதற்குள்ளேயே திரும்பி வருவதையும் மடித்து வைத்திருக்கிறாரே, அது ஏதோ அவருக்கு மட்டும் தெரிந்த நுட்பம் என்று நினைத்துவிடாதீர்கள். போனவர் திரும்பியும் வந்துவிட்டார் என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் நமக்கும் 'போய் வந்திருக்கிறார்' உண்டு. அதற்கும் மேலே, வாசல்படி தாண்டும்போதே திரும்புவதையும் சேர்த்துச் சொல்லுகிற ஜாதி அல்லவா நாம்? 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் படகு ஏறுகிறவனை எந்தக் குப்பத்திலும் காண முடியாது.

ஆகவே நானும் அப்படியே சொல்கிறேன்: போய் வருகிறேன்!